தண்ணீர் பட்டால் நிற்கும் வியாதி

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. விதியைச் சொல்வார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தவர். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் நிலையத்தைக் கூப்பிட்டு நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. எந்த வகையானாலும் அந்த அம்மாளின் கை வழியாகத்தான் போக வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசிய ஆளுக்கு, அன்று முதல் இலாகாவின் விதிப்புத்தகம் ஒரு வரி விடாமல் அமலுக்கு வரும்.

கடலை மண்டிக்காரர் ஒருவர், லைன் தாமதமானதற்கு, "ஏய் பொண்ணே, தூங்குறியா?" என்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அவர் போனை எடுத்தால் இப்படி நடக்கும்:

"உங்க பேருங்க?"

"என்னம்மா, தெனம் பேசறேன், பேரு தெரியாதா?"

"பேரு சொல்லாம பதிவு பண்ணக் கூடாதுங்க. இனிஷியல் சொல்லுங்க. நம்பரை ஒவ்வொண்ணா சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு சொல்லுங்க."

மூன்று நிமிடம் முடிந்த நொடியில் லைன் போய்விடும். மற்றவர்களுக்கு ஐந்தாறு வினாடி விட்டுப் பிடிப்பார். மண்டிக்காரருக்கு அந்த ஐந்து வினாடி ஏழு மாதம் கிடைக்கவில்லை. கடைசியில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நேரில் வந்து நின்றார். அந்த அம்மாள் தலையைத் திருப்பாமல் கதவின் மேலிருந்த பலகையைக் கையால் காட்டினார். 'அன்னியர் உள்ளே வரக் கூடாது.'

சொந்த ஊர் தா.பழூர் பக்கம். மாதம் ஒரு முறை போய் வருவார். ஒரு தடவை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, இரண்டாவது கால் தரையில் படுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கணுக்கால் பிசகியது. அன்று முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பணிமனை மேலாளருக்கு ஒரு அஞ்சலட்டை. தேதி, பஸ் நம்பர், நடந்தது, அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றும் இருக்காது. பதினோராவது மாதம் கண்டக்டரை வேறு தடத்துக்கு மாற்றினார்கள். அதற்கும் ஒரு அட்டை போட்டார்: 'நன்றி. புதிய தடத்திலும் அவரைக் கவனிக்கவும்.'

என்னையும் விடவில்லை. நான் திருச்சிப் பதிப்பு நாளிதழ் ஒன்றுக்கு அரியலூர், பெரம்பலூர் வட்டாரச் செய்தியாளனாக இருந்தேன். தினமும் மாலை நான்கு மணிக்குச் செய்திகளை டிரங்க் போனில் படித்துச் சொல்வேன். ஒரு நாள், 'ஆபரேட்டர்கள் அரட்டை, பொதுமக்கள் அவதி' என்று ஐந்து வரி அனுப்பினேன். மறுநாள் நான்கு மணிக்கு அவர் குரல் வந்தது. "பத்திரிகை கால்னா உங்க ஆபீஸ் அத்தாட்சிக் கடிதம் புதுப்பிச்சிருக்கணும் சார். உங்களது மார்ச்சோட முடிஞ்சுபோச்சு." அது நான்கு மாதமாக முடிந்துதான் கிடந்தது. புதுக் கடிதம் வரும்வரை மூன்று நாள் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்ச் செய்தி கொடுத்தேன். நான்காம் நாள் கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "உக்காருங்க ரிப்போர்ட்டர் சார், லைன் தரேன்" என்றார். அதன் பிறகு அந்தச் செய்தியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவருக்குப் பழி முடிந்தால் முடிந்ததுதான்.

அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது. ஒடிசலான உடம்பு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். போர்டுக்கு வருவதற்கு முன் தந்திப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவர். திருமணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார்.

நிலையத்தின் வெளி அறையில் பொதுமக்கள் பேசும் கூண்டு ஒன்று இருந்தது. அங்கே நின்றால் கண்ணாடி வழியாக போர்டு தெரியும். ஒரு மாலை அங்கிருந்து பார்த்தேன். "திருச்சி, திருச்சி, ஒரு..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். இரண்டு விரல்கள் கழுத்துக்குப் போயின. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. கழுத்துக் குழி, தவளையின் தொண்டை துடிப்பதுபோல் வெளியே தெரியும்படி துடித்தது. அப்படியே ஒரு கையால் வேலையைத் தொடர்ந்தார். இருபது நிமிடம் கழித்து விரலை எடுத்தார்.

என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இருக்குங்க. நெஞ்சு திடீர்னு ஓட ஆரம்பிக்கும். லைட்டு சுவிட்சு மாதிரி. போடறப்பவும் டக்குனு, அணைக்கறப்பவும் டக்குனு. நடுவுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் தடவை அது போர்டில் வந்தபோது கண்காணிப்பாளர் பயந்துபோய், ரிக்‌ஷா வைத்து டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். ஊரில் எல்லோரும் நம்பிய டாக்டர் அவர். நல்ல டாக்டர் என்பதையும் நான் எழுதியாக வேண்டும். காலரா வந்த வருடம் வீடு வீடாகப் போனவர். இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரையும் இசிஜி மெஷின் எனக்குத் தெரிந்து அப்போது ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த மருத்துவமனையில் ஒரு பழக்கம் உண்டு. படபடப்பு, மயக்கம் என்று எந்தப் பெண் வந்தாலும், டாக்டர் வருவதற்குள் ஆயா பானைத் தண்ணீரில் ஒரு துண்டை முக்கி, முகத்தில் பொத்தென்று போட்டு அழுத்துவார். "மூச்ச அடக்கு, செட்டிகுளத்து முருகன நெனச்சுக்க" என்பார். பயந்து வந்தவர்கள் தெளிந்து எழுந்துவிடுவார்கள். ஊரில் சாமி வந்த பெண்ணுக்கும் பேய் பிடித்த பெண்ணுக்கும் இதே வைத்தியம்தான். ஆயா அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்.

இவருக்கும் துண்டு போட்டார். நின்றுவிட்டது. டாக்டர் வந்து மெஷினில் எடுத்தபோது காகிதம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை டாக்டர் மெஷினைத் தொடவில்லை. காத்திருந்த இருபது பேருக்கு நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தண்ணி பட்டா நிக்கிற வியாதி என்னம்மா வியாதி? சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணிக்க. எல்லாம் அடங்கிடும்."

இருபது பேரும் சிரித்தார்கள். அன்று மாலையே டாக்டர் இலாகாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இருதயத்தில் கோளாறு இல்லை, ஹிஸ்டீரியா, நடிப்பாகவும் இருக்கலாம், போர்டு வேலைக்கு ஏற்றவர் அல்ல, மனநல மருத்துவரின் கருத்தைப் பெறவும். தன்னைப் பற்றிய கடிதத்தின் நகலைப் பெறத் தனக்கு உரிமை உண்டு என்று விதி எண்ணோடு எழுதிக் கொடுத்து, அதை வாங்கிவிட்டார் அந்த அம்மாள்.

ஒரு மாதத்தில் திருச்சியில் மனநல டாக்டர் முன் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரில் பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. அண்ணன் மகளைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள், அத்தைக்காரிக்கு புத்தி சரியில்லையாமே என்று கேட்டுவிட்டு வராமல் இருந்துகொண்டார்கள்.

"போர்டு போனாக்கூட போவுதுங்க," என்றார் என்னிடம். "நடிப்புன்னு எழுதிட்டான். என் ஃபைல்ல. அவன் கையாலயே அத அடிக்க வெப்பேன்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. மண்டிக்காரரின் ஏழு மாதம் எனக்கு நினைவிருந்தது.

அடுத்த தடவை அது வந்தது ஒரு பிற்பகலில், அவர் பணி முடிந்து புறப்படும் நேரத்தில். நான் கூண்டுக்கு வெளியே என் முறைக்காக நின்றிருந்தேன். அவர் நேராகக் கூண்டுக்குள் வந்தார். போர்டில் இருந்த சக ஊழியரிடம், பொதுமக்களில் ஒருவராக, தன் பெயரையும் இனிஷியலையும் சொல்லி, திருச்சியில் ஒரு இருதய டாக்டருக்கு லைட்னிங் கால் பதிந்தார். எட்டு மடங்கு கட்டணத்தை முதலில் கட்டினார். அந்த டாக்டரின் நம்பரை நூறு தடவையாவது பிறருக்கு இணைத்திருப்பார். ஒரு தடவையும் தனக்காகப் பேசியதில்லை. லைன் கிடைத்தது. பழைய ரிசீவர், எதிர்முனைக் குரல் வெளியே கேட்கும்.

"யாரும்மா? முன்கூட்டி நேரம் வாங்கினீங்களா?"

"மூணு நிமிஷம்தான் சார் இருக்கு. என் நெஞ்சு ஓடற வேகத்துல தட்டறேன். கடியாரத்த வச்சு எண்ணுங்க."

இடது கை விரல்கள் கழுத்தில். ரிசீவரைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் பென்சிலால் அதன் வாய்ப்பகுதியில் தட்ட ஆரம்பித்தார். ஆறு வருடம் தந்தி அடித்த கை. தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சீராகத் தட்டியது. எதிர்முனையில் எண்ணுவது முணுமுணுப்பாகக் கேட்டது.

"இன்னொரு தடவை," என்றது குரல். மறுபடி தட்டினார்.

"நூத்தித் தொண்ணூறுக்குக் குறையாது," என்றார் அந்த டாக்டர். "ஆனா ஒரு அடிகூடப் பிசகல. எப்படி ஆரம்பிச்சுது? கொஞ்சங் கொஞ்சமா ஏறுச்சா?"

"இல்ல சார். டக்குனு."

"பயத்துல ஓடற நெஞ்சு படிப்படியா ஏறி படிப்படியா எறங்கும். இது அப்படி இல்ல. இருதயத்துக்குள்ள மின்சாரம் போற பாதை ஒண்ணு இருக்கு. உங்களுக்குப் பக்கத்துல இன்னொரு குறுக்குப் பாதை இருக்கணும். சில நேரம் மின்சாரம் அந்த ரெண்டுக்குள்ளயும் வட்டம் அடிச்சு மாட்டிக்குது. வட்டம் அறுந்தா உடனே நின்னுடும். முகத்துல தண்ணி பட்டா நிக்குதா?"

"நிக்குது சார். அதனாலதான் நடிப்புங்கறாங்க."

எதிர்முனையில் சிரிப்பு. "அதுதாம்மா சாட்சியே! முகத்துல சில்லுனு பட்டா, மூளையிலேருந்து ஒரு நரம்பு இருதயத்துக்குக் கடிவாளம் போடும். வட்டம் அறுந்துடும். தண்ணிக்கு நின்னுது, அதனால வியாதி இல்லன்னு யாரு சொன்னது?"

"எழுதியே குடுத்திருக்காரு சார்."

"அப்ப காகிதத்துல பிடிங்க. ஓடிட்டிருக்கறப்ப எடுக்கணும். நின்னப்புறம் எடுத்தா ஒண்ணும் தெரியாது."

மூன்று நிமிடம் முடிந்ததைச் சக ஊழியர் குறுக்கிட்டுச் சொன்னார். "நீட்டிப்பு, பணம் கட்டறேன்," என்றார் இவர். திருச்சி டாக்டர் மீதி மூன்று நிமிடத்தில் சொன்னது இது: மாத்திரை இருக்கிறது, நேரில் வந்தால் தருவார். அதுவரை வந்தால் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்க வேண்டும், அல்லது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்க வேண்டும். ராக்கண் விழிப்பதையும் அடுத்தடுத்துக் காப்பி குடிப்பதையும் விட வேண்டும். கடைசியாக அழுத்திச் சொன்னார். "மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, காகிதமும் வேணாம் ஒண்ணும் வேணாம். உடனே நிறுத்திடணும். புரியுதா?"

"புரியுது சார்," என்றார். புரிந்தது. ஆனால் அதன்படி நடக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

உத்தரவுப்படி திருச்சிக்குப் போக ஆறு நாள் இருக்கும்போது, காலை பதினொரு மணிக்கு, பஸ் நிலையத்தருகே இருந்த என் அறைக்குப் போன் வந்தது.

"ரிப்போர்ட்டர் சார், வந்துடுச்சு. டாக்டர் வூட்டுக்கு வர்றீங்களா? நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்குங்க."

நான் போனபோது அவர் காத்திருப்போர் கூடத்தில் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் கழுத்தில் இருந்தன. முன்னால் ஆயா ஈரத் துண்டோடு நின்றிருந்தார்.

"குனி தாயி, ஒரு நிமிசம்."

"வேணாம் ஆயா."

"போட்டா நின்னுரும்ல? எதுக்கு இப்புடித் துடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?"

"அந்தத் துண்டு எம்மேல பட்டுச்சுன்னா, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன்."

ஆயா துண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "தண்ணிக்குப் போய் போலீசா?" என்றார் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து. பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அந்த அம்மாளின் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மின்சாரம் இல்லை. பத்தரைக்குப் போனது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெஷின் மின்சாரத்தில் ஓடுவது.

டாக்டர் வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு. மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த சிறிது நேரத்தில் சிரிப்பு போனது. கடிகாரத்தைப் பார்த்தார். மறு கையையும் பிடித்தார். நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் இவரைத் தொடுவது அதுவே முதல் தடவை. பிறகு ஒரு டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"ஆயா, துண்டைக் கொண்டா."

"தொடக் கூடாது," என்றார் இவர். "மெஷின்ல போடுங்க."

"கரண்ட் இல்லம்மா. உசுரோட வெளையாடாத."

"நடிப்புக்கு உசுரு போவுமா சார்?"

டாக்டர் என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். நான் எதற்காகக் கூப்பிடப்பட்டேன் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. நான் அங்கே துணைக்கு வந்தவன் அல்ல. டாக்டருக்கு எதிரே வைக்கப்பட்ட பொருள்.

பதினொன்றே முக்கால் ஆனது. அவர் உதடு வெளுத்திருந்தது. நெற்றி வியர்வை புருவத்தில் தேங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

"நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"தலை சுத்துதா?"

"சுத்துனா உங்ககிட்ட சொல்லுவேன்னு நெனைக்கிறீங்களா?"

மின்விசிறி சுழல ஆரம்பித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. நான் குறித்துக்கொண்ட ஒரே விவரம் அதுதான். அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் வைக்கும் குமிழ்களுக்கு நேரமில்லை, கை கால் பட்டைகள் போதும் என்றார் டாக்டர். கோடு போடும் ஊசி சூடேறி எழுந்தது. காகிதம் நகர்ந்தது. மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுபோல், சீப்பின் பற்கள்போல் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் விழுந்துகொண்டே வந்தன. டாக்டர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். மெஷினை நிறுத்தக் கை போனது.

"ஓடட்டும்," என்றார் படுத்திருந்தவர். "ஆயா, இப்ப போடுங்க துண்டை."

ஆயா துண்டை எடுத்தார். பானைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல், முகத்தில் போட்டு அழுத்தினார். சீப்புப் பற்கள் இன்னும் ஓர் அடி நீளம் ஓடின. பிறகு ஊசி கீழே இறங்கி, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் நேர்க்கோடாக இழுத்துக்கொண்டே போனது. இரண்டு விரல் அகலம் இருக்கும். அப்புறம் ஒரு துடிப்பு. சாவகாசமாக இன்னொன்று.

"தண்ணி பட்டுச்சு, நின்னுடுச்சு," என்றார் துண்டுக்கு அடியிலிருந்து. "எழுதுங்க சார்."

டாக்டர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். நானும் போனேன். வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை. டாக்டர் கடிதத் தாளை எடுத்தார். எழுதும் முன் தணிந்த குரலில் பேசினார்.

"இங்க பாரும்மா. 'மறுபடி சோதித்தேன், எந்த நோயும் இல்லை, முழுத் தகுதி'ன்னு எழுதித் தரேன். முன்னாடி அனுப்புன கடிதம் அதோட செத்துடும். நாளைக்கே நீ போர்டுல உக்காரலாம்."

"அப்ப இது?" என்று காகிதச் சுருளைத் தூக்கிக் காட்டினார்.

"அத நீயே வச்சுக்க. திருச்சியில காட்டி மாத்திரை வாங்கிக்க. ஆனா இலாகாவுக்கு இத அனுப்புனா நீ இருதய நோயாளின்னு ஆயிடும். போர்டு குடுக்க மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டாக்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னார். ஆனால் சொன்னது உண்மை. இலாகாவை அறிந்த எனக்கு அது தெரிந்தது. அந்த அம்மாளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த விதியை வரி எண்ணோடு சொல்லக் கூடியவர். ஒரு பொய்யில் அவருடைய நாற்காலியும் டாக்டரின் பெயரும் சேர்ந்து பிழைக்கும்.

ஈரத் தலைமுடியிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நோய் இருக்குன்னு எழுதுங்க," என்றார். "முன்னாடி எழுதுனது தப்புன்னும் எழுதுங்க. என்ன பேரு வியாதிக்கு, அதையும் போடுங்க. தேதி போட்டு கையெழுத்து போடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க இத பேப்பர்ல போடப் போறீங்களா?"

"அது உங்க கையில இருக்கு சார்," என்று அந்த அம்மாளே பதில் சொன்னார்.

டாக்டர் எழுதினார். 'தவறு' என்ற சொல்லுக்கு முன்னால் பேனா சற்று நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

மனநல டாக்டர் உத்தரவு ரத்தானது. அண்ணன் மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது. மூன்று மாதத்தில் இலாகாவின் மருத்துவக் குழு கூடி, டாக்டர் சொன்னபடியே முடிவு செய்தது: இருதயத் துடிப்புக் கோளாறு, போர்டு பணி கூடாது. அவரைப் பெரம்பலூருக்கு மாற்றி, பழுதான போன்களைப் பற்றிய புகார்களை வாங்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். போர்டுக்காரர் என்பதில் அவருக்கு இருந்த கர்வம் எனக்குத் தெரியும். அந்த மேசையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை பெரம்பலூர் போனபோது, அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

"வாங்கியிருந்தா, அவன் சொன்னது சரின்னு ஆயிருக்கும்," என்றார். "நோயும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா நடிச்சேன்னு." புகார்ப் பதிவேட்டைத் திருப்பினார். "மாத்திரையில அடங்கி இருக்குங்க. மாசத்துக்கு ஒண்ணு வரும். வாளியில மூஞ்ச முக்கிட்டு வந்து உக்காந்துக்குவேன். இங்க யாரும் சிரிக்கறதில்ல."

இன்றானால் தொடை ரத்தக் குழாயின் வழியாகக் கம்பி செலுத்தி அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அணைத்துவிடுகிறார்கள். ஒரு காலைப் பொழுது வேலை என்கிறார்கள். அன்று நம் பக்கத்தில் அது கிடையாது. வாளிதான் இருந்தது.

சில வருடம் கழித்து, எண்பதுகளின் நடுவில், அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுமக்களுக்கான மருத்துவக் கூட்டம். பேசியவர் அதே டாக்டர். தலைப்பு, பெண்களின் படபடப்பு. செய்திக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரிசையில், தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் இருந்தார். பெரம்பலூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார்.

டாக்டர் நன்றாகப் பேசினார். அவர் சொன்னது இதுதான்: பெண்கள் படபடப்பு என்று சொன்னால் பயம், கோபம், நடிப்பு என்று தள்ளிவிடுகிறோம். எப்போது ஆரம்பித்தது, எப்படி நின்றது என்று கேட்பதில்லை. என் மருத்துவமனையில் இப்போது மெஷினில் எடுக்கும்வரை யாரும் முகத்தில் தண்ணீர் போடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஆபத்தான நிலையில் மட்டும் விலக்கு. அதனால் பலருக்கு உண்மையான நோய் தெரிந்து வைத்தியம் கிடைத்திருக்கிறது. ஒரு நோயாளியிடமிருந்து நான் இதைக் கற்றுக்கொண்டேன், என்று முடித்தார்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அந்த அம்மாள் எழுந்தார். ஒரு கை பைக்குள் இருந்தது.

"அந்த நோயாளிக்கு முதல்ல என்னன்னு எழுதிக் குடுத்தீங்க சார்?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நடிப்புன்னு எழுதினேன்," என்றார். "மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் தப்பு பண்ணேன். எல்லாருக்கும் முன்னாடி சிரிச்சேன். அந்தப் பாவம் எனக்கு இருக்கு. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் அந்த நோயாளி."

கைதட்டல் எழுந்தது. நீண்ட கைதட்டல். சிலர் எழுந்து நின்றார்கள். எல்லோரும் மேடையைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அந்த அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். பைக்குள் இருந்த கை வெளியே வரவில்லை. பிறகு உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் பஸ் நிறுத்தம்வரை உடன் நடந்தேன்.

"அத்தனை பேருக்கு நடுவுல ஒத்துக்கிட்டாரே," என்றேன்.

"கை தட்டுனாங்க, பாத்தீங்களா? அவனுக்கு."

"நாலு பொம்பளைங்க பொழைச்சிருக்காங்களே?"

"பொழைக்கட்டும். நல்லா இருக்கட்டும். அவன் நல்லவனா ஆவணும்னு நான் அத பண்ணல சார்."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே கனமான ஒரு கட்டு. அந்த இரண்டு கடிதங்கள். டாக்டர் முதலில் எழுதியதும் பிறகு எழுதியதும், ஒரே தாளில் அருகருகே. திருச்சிக்குப் போய் ஐம்பது ஜெராக்ஸ் எடுத்திருந்தார். மண்டபத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதற்காக.

"எனக்கு ஒண்ணு குடுங்க," என்றேன்.

"இனிமே எதுக்கு?" என்று பையை மூடினார். பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"அப்படி எழுதவே இல்லன்னு சொல்லுவான்னு நம்பித்தான் சார் வந்தேன்."